பதினொரு வேட்டைக்காரர்களுக்கு ஒரு மரப்பலகை

மூசி நதிக்கரையில், உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கு அருகே இருக்கும் சிட்டி காலேஜை நம் அங்கத்தினர்களில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். உயர் நீதிமன்றத்தையும் நம் காச்சிகுடா ரயில் நிலையத்தையும் வடிவமைத்த வின்சென்ட் எஷ் என்ற ஆங்கிலேயர்தான் இதையும் வடிவமைத்தவர். இந்தக் கல்லூரியின் பழைய மாணவர்களும் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து ஒரு காலத்தில் கால்பந்து அணி ஒன்று வைத்திருந்தார்கள். பெயர் 'இலெவன் ஹண்டர்ஸ்', அதாவது பதினொரு வேட்டைக்காரர்கள். உள்ளூர் லீகில் பெரிய பெயர் பெற்ற அணி. அதில் ஆடியவர்களில் ஒருவர் சையத் அப்துல் ரஹீம்.

ரஹீம் சாஹிப் யார் என்பதை இப்போது அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2024-இல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவர் கதைதான். காச்சிகுடாவிலும் சாதர்காட்டிலும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணி 1950-இலிருந்து 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்சியில் இந்தியா 1951 தில்லி ஆசிய விளையாட்டிலும் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் தங்கம் வாங்கியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தா வெற்றிக்கு ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் மாதம், புற்றுநோயால் காலமானார்.

எங்கள் காலனியில் எழுபதைத் தாண்டிய நண்பர் ஒருவர் இருக்கிறார். சிட்டி காலேஜில் படித்தவர், உருதுக்காரர். அவர் தகப்பனாரும் அதே கல்லூரியில் படித்துப் பந்து ஆடியவராம். பழைய மாணவர்கள் கூடும் இடத்தில் மாட்டுவதற்கு இலெவன் ஹண்டர்ஸ் பெயரில் ஒரு மரப்பலகை செய்து தர முடியுமா என்று கேட்டார். என்னிடம் ஸ்க்ரோல் சா இயந்திரம் இருப்பது அவருக்குத் தெரியும். பால்கனியில் அது போடும் சத்தம் காலனி முழுவதற்கும் தெரியும். "எங்கள் வாத்தியார்களுக்கே அந்தப் பெயர் மறந்துவிட்டது, இஞ்சினியர் சாப். எங்களுக்குப் பிறகு யார் சொல்லப் போகிறார்கள்?" என்றார்.

ஸ்க்ரோல் சா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் பார்த்த ஃப்ரெட் சா நினைவிருக்கும். லாடம் போல் வளைந்த சட்டம், நடுவில் நூல் மாதிரி ஒரு பிளேடு. அதையே மோட்டாரில் மேலும் கீழுமாக ஓட விட்டால் ஸ்க்ரோல் சா. சாதாரண வாளில் வாளைத் திருப்புகிறோம். இதில் வாள் நின்ற இடத்திலேயே ஆடும், மரத்தைத்தான் திருப்ப வேண்டும். பிளேடு ஐந்து அங்குலம், பற்கள் கீழ் நோக்கி இருக்க வேண்டும். பலகையின் நடுவே வெட்ட வேண்டுமானால் முதலில் சிறு துளை போட்டு, பிளேடின் மேல் முனையைக் கழற்றித் துளை வழியே கோத்து, மறுபடி மாட்டி இறுக்க வேண்டும். எத்தனை துளையோ அத்தனை முறை. இந்தப் பலகையில் நாற்பதுக்கு மேல். பொறுமையில்லாதவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது.

நண்பர் மாதிரிக்காக ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். அமெரிக்காவிலிருந்து பேரன் கொடுத்தது. 'கல்லூரிக் கால்பந்து ரசிகர்களுக்கான பலகைகள்' என்று போட்டிருந்தது. திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஹெல்மெட்டும் முட்டை வடிவப் பந்தும்! அங்கே கால்பந்து என்றால் அந்த ஆட்டம்தான். பெரும்பாலும் கையால் ஆடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆட்டம் என்று அவர்கள் கொண்டாடும் 1869-ஆம் வருஷத்து ரட்கர்ஸ் - பிரின்ஸ்டன் ஆட்டம் உருண்டைப் பந்தில், கிட்டத்தட்ட நம் கால்பந்து போலவே நடந்தது. முட்டைப் பந்து பிறகு வந்தது. அந்தக் கல்லூரிகளின் சின்னங்களை விற்பனைக்கு வெட்ட வேண்டுமானால் உரிமம் வேறு வாங்க வேண்டும். புத்தகத்தை மூடி வைத்தேன். ஆனால் அதிலிருந்த அமைப்பு நல்ல அமைப்பு: மேலே பெயர், கீழே ஆடும் வீரன், சுற்றிலும் சட்டம். அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வாதம் பந்தில் ஆரம்பித்தது. நண்பர் வரைந்து வந்தது கறுப்பு வெள்ளைப் பந்து. பன்னிரண்டு ஐங்கோணம், இருபது அறுகோணம், மொத்தம் 32 துண்டு. வெட்டுகிறவனுக்கு இது சுலபம். ஐங்கோணங்களைத் துளையாக எடுத்துவிட்டால் பார்த்தவுடன் பந்து என்று தெரியும். ஆனால் இந்தப் பந்து உலகம் முழுவதும் தெரிய வந்தது 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில்தான். ரஹீம் காலமாகி ஏழு வருஷம் கழித்து. அவர் மாணவராக ஆடிய பந்து பழுப்பு நிறத் தோல் பந்து. நீளப் பட்டைகளாகத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடர் வைத்து, வாயை ஷூ லேஸ் போல நாடா போட்டுக் கட்டியிருக்கும். மழையில் ஊறினால் தலையால் முட்டியவன் கதி அதோகதி. பழைய மாணவர்கள் பார்க்கப் போகும் பலகையில் பேரன் காலத்துப் பந்தை வைப்பது சரியில்லை என்று சொன்னேன். நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா அந்த நாடாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், நெற்றியில் தழும்பு இருந்தது" என்றார். பந்து தீர்ந்தது.

பட்டைப் பந்தை வெட்டுவதில் ஒரு சூட்சுமம். தையல் கோடுகளை வாள் அகலத்துக்கு வெறும் கீற்றாகத்தான் விட வேண்டும். கீற்று விளிம்புவரை போய்விட்டால் பட்டை தனியாகக் கழன்று கையில் வரும். ஆகவே ஒவ்வொரு கோட்டையும் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது கால். பூட்ஸா, வெறுங்காலா? 1948 லண்டன் ஒலிம்பிக்கில்கூட நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 1952-இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. வெறுங்கால் என்று முடிவு செய்தோம். இதில் எனக்கு வேறொரு ஆதாயமும் இருந்தது. இந்த வேலையில் எதுவும் அந்தரத்தில் நிற்க முடியாது. வானத்தில் பறக்கும் பந்து வெட்டி முடித்ததும் மேஜைக்குக் கீழே கிடக்கும். பந்து ஒன்று சட்டத்தைத் தொட வேண்டும், அல்லது காலைத் தொட வேண்டும். கால் விரல்களைச் சற்று விரித்து வரைந்து பந்தின் அடியில் கொண்டுபோய் ஒட்டினேன். ஊன்றிய கால் கீழ்ச் சட்டத்தில் நிற்கிறது. கை ஒன்று பக்கச் சட்டத்தைத் தொடுகிறது. பார்ப்பவர்கள் ஆட்டக்காரன் சமநிலைக்குக் கையை நீட்டுகிறான் என்று நினைப்பார்கள்.

எழுத்து விஷயம் நம் சங்க அங்கத்தினர்களுக்கு உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாகன்களின் பக்கவாட்டில் எண்ணும் காலி எடையும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தகரத்தில் எழுத்தை வெட்டி, வாகன் மேல் வைத்துப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். பூஜ்யத்தை அப்படியே வெட்டினால் நடுவிலுள்ள வட்டம் விழுந்துவிடும். அதனால் மேலும் கீழும் சிறு பாலம் விடுவார்கள். அந்தப் பாலம்தான் இங்கும் அடிப்படை.

எழுத்தை இரண்டு விதமாகச் செய்யலாம். எழுத்தே மரமாக நிற்க, சுற்றியுள்ளதை வெட்டி எடுப்பது ஒன்று. எழுத்தைத் துளையாக வெட்டி, சுற்றியுள்ள மரத்தை விட்டுவைப்பது மற்றொன்று. முதல் வழியில் தமிழுக்கு எமன் மெய்யெழுத்தின் புள்ளி. அது எதையும் தொடாமல் தனியாக நிற்பதால் விழுந்துவிடும். இரண்டாவது வழியில் புள்ளிக்கு வாளே வேண்டாம், டிரில் பிட்டால் ஒரு துளை போதும். அங்கே தொல்லை கொடுப்பது சுழிகள். ல, ள, ஜ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் மரம் பிடிப்பில்லாமல் போய்விடும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் பாலம் விட வேண்டும்.

உருதுவிலும் இதே கதை. எத்தனை நுக்தா வேண்டுமானாலும் துளையாகப் போட்டுவிடலாம். 'வாவ்', 'ஹே' எழுத்துகளின் கண்ணுக்குத்தான் பாலம் வேண்டும். ஆகவே துளை எழுத்து என்று வைத்தோம். பெயரை நண்பரே தம் கையால் எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் எழுத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பாலம் வைத்தால் எழுத்தின் அழகு கெடும் என்று முதலில் தயங்கினார். காகிதத்தில் வெட்டிக் காட்டினேன். நடுக்கண் தரையில் விழுந்ததைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார்.

மரம் என்று பார்த்தால், நிர்மல் பொம்மைகள் செய்யும் பொனிகி மரம் வெண்ணெய் போல வெட்டுப்படும். ஆனால் மெல்லிய பாலங்களுக்குப் பலம் போதாது. தேக்கு அழகுதான், ஆனால் ரேகைக்குக் குறுக்கே போகும் பாலம் லேசாகத் தட்டினாலும் ஒடியும். பிளைவுட்டில் ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அந்தப் பயம் இல்லை. ராணிகஞ்சிலிருந்து ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் வாங்கினேன். உள்ளே பொத்தல் இல்லாத நல்ல சரக்காக, பதினெட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம். படத்தை மைதா பசையால் ஒட்டி, மேலே பார்சல் டேப் ஒட்டினால் பிளேடு சூடேறி மரத்தைக் கருக்காது. ஐந்தாம் நம்பர் பிளேடு. முதலில் உள்ளே இருக்கும் சிறிய துளைகள், பிறகு பெரியவை, கடைசியில் வெளி விளிம்பு. இந்த வரிசையை மாற்றினால் பலகை பலவீனப்பட்டு, ஆட ஆரம்பித்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொள்ள மறக்க வேண்டாம், பிளைவுட் தூள் பொல்லாதது.

இதையெல்லாம் லேசரில் சில நிமிஷத்தில் வெட்டித் தருகிறார்களே என்று என் மகன் கேட்டான். தருகிறார்கள், சுத்தமாகவும் தருகிறார்கள். விளிம்பு கறுத்துப்போகும், உப்புத்தாளால் தேய்த்தால் ஓரளவு சரியாகும். நூறு பலகை வேண்டுமென்றால் நானே அங்கேதான் அனுப்புவேன். ஒரு பலகைக்கு, அதுவும் எழுபது வயதுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க விரும்பும்போது, அவசரம் எதற்கு? பதினோரு நாள் ஆயிற்று. நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாள், பிறகு இருநூற்றிருபது, அதன்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மூன்று கோட். பின்னால் கரும்பச்சை வெல்வெட் ஒட்டிய பலகை. துளை எழுத்துகள் அந்தப் பச்சையில்தான் படிக்கத் தெரிகின்றன.

கீழே யார் பெயரையெல்லாம் போடுவது என்று கடைசியாக ஒரு கேள்வி வந்தது. நான் நம் ஊர்க்காரர்கள் இருவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் சிட்டி காலேஜ்காரர்கள் இல்லையே என்றார் நண்பர். நியாயம்தான். ரஹீம் பெயர் மட்டும் போயிற்று.

அந்த இரண்டு பெயர்களுக்காக இப்போது இரண்டாவது பலகை வெட்டிக்கொண்டிருக்கிறேன், நம் சங்கத்துக்காக. ஒருவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்ற கோல்கீப்பர். 1962 ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது கோலில் நின்றவர் அவர்தான். மற்றவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒன்று, பெருவுக்கு எதிராக ஒன்று என இரண்டு கோல் போட்டவர். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி, பிறகு பி.என்.ஆர். அணிக்கு, அதாவது நம் ரயில்வேக்கு வந்தவர். நுரையீரல் நோயால் இளம் வயதிலேயே ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தது. 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் காலமானார்.

இரண்டு பெயர்களிலும் சேர்த்து ஆறு புள்ளிகள், ஆறும் டிரில் வேலை. எழுத்துகள் முடிந்துவிட்டன. உருவங்கள்தான் பாக்கி. தங்கராஜ் ஆறடிக்கு மேல் உயரம், கை நீட்டித் தாவும் நிலையில் வைத்தால் மேல் சட்டத்தைத் தானாகவே தொடும். பலராமுக்கு நல்ல பக்கவாட்டுப் படம் ஒன்று வேண்டும். அம்முகுடா, திருமலகிரி, பொல்லாரம் பக்கம் இருக்கும் மூத்த அங்கத்தினர்கள் வீட்டில் அந்தக் காலத்துப் பத்திரிகைத் துண்டு ஏதாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும். பிரதி எடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.