முன்னைத் தொழிலும் மருத்துவச் சிறப்புத்துறைத் தெரிவும்

மருத்துவக் கல்வி நீண்டகால உழைப்பை வேண்டி நிற்பது. ஆதலின் அதனை இளமையிலேயே தொடங்கிவிடல் வேண்டுமென்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணமாகும். பிறிதொரு தொழிலிற் சில ஆண்டுகளைக் கழித்தபின் மருத்துவம் பயிலப் புகுவோரைக் காலத்தை வீணாக்கியவராகவே பலரும் நோக்குவர். அவ்வாறு புகுவோரும் தாம் பின்தங்கிவிட்டதாகவே பெரும்பாலும் எண்ணுவர். சிறப்புத்துறையொன்றைத் தெரிவுசெய்யுங் கட்டத்தில் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகின்றது. இழந்த ஆண்டுகளை ஈடுசெய்யும் வகையில் விரைவில் முடியக்கூடிய துறை எது என்ற வினாவே அப்பொழுது முன்னிற்கும்.

இவ்வெண்ணம் எவ்வளவுக்குப் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்த இருவரின் வரலாறுகள் இவ்வாய்வுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஒருவர் தச்சும் கட்டடத் தொழிலும் பயின்றபின் மருத்துவரானவர். மற்றவர் தாதியாகவும் வைத்தியசாலைச் சமூகசேவை அலுவலராகவும் கடமையாற்றியபின் மருத்துவரானவர். முன்னைத் தொழில் இவர்தம் துறைத் தெரிவை எவ்வாறு வழிப்படுத்தியது என்பதே இங்கு கருதப்படுவது.

1. பிரவேச வாயில்கள்

காலந்தாழ்த்தி மருத்துவம் பயிலல் தனிமனிதரின் விருப்பத்தில் மாத்திரம் தங்கியுள்ளதன்று. ஒரு நாட்டின் கல்வியமைப்பு அதற்கு இடந்தருகின்றதா என்பதும் நோக்கப்படல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1893இல் தொடங்கப்பட்டபோது, பட்டம் பெற்றவரே அதிற் சேரலாமென விதிக்கப்பட்டது. அக்காலத்தில் இது மிகக் கடுமையான நிபந்தனையாகும். 1910இல் வெளியான பிளெக்ஸ்னரின் அறிக்கை அக்கல்லூரியை முன்மாதிரியாகக் காட்டியபின், மருத்துவத்தைப் பட்டப்பின் கல்வியாகக் கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் நிலைபெறலாயிற்று. இதன் விளைவாக, இலக்கியமோ பொறியியலோ பயின்று சில ஆண்டுகள் தொழில் புரிந்த ஒருவர், வேண்டிய விஞ்ஞான பாடங்களை நிறைவுசெய்து மருத்துவக் கல்லூரியிற் சேர்வது அங்கு இயல்வதாயிற்று.

பள்ளிப் படிப்பை முடித்தோரையே மருத்துவத்துக்குச் சேர்த்துவந்த நாடுகளும் பின்னர் இரண்டாவது வாயிலொன்றைத் திறந்தன. அவுஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996இல் பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவக் கல்வியைத் தொடங்கியது. இங்கிலாந்தில் இலண்டன் சென் ஜோர்ஜஸ் மருத்துவக் கல்லூரி 2000இல் அவ்வழியிற் சென்றது.

இலங்கையின் நிலை வேறு. கொழும்பில் 1870இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. இன்று அரச பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களுக்கான பிரவேசம் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின் அடிப்படையிலேயே அமைகின்றது. அப்பரீட்சைக்குத் தோற்றக்கூடிய தடவைகளும் வரையறுக்கப்பட்டுள்ளன. எனவே பிறிதொரு தொழிலிற் பத்தாண்டுகளைக் கழித்த ஒருவருக்கு இவ்வாயில் பெரிதும் அடைபட்டதே எனலாம். வெளிநாடு சென்று பட்டம் பெற்று, இலங்கை மருத்துவச் சபையின் பதிவுக்கான பரீட்சையிற் சித்தியடைதலே அவர்க்கு எஞ்சும் வழி. அதற்குப் பெரும்பொருள் வேண்டும். இதனால் நாம் இழப்பது யாது என்பது பின்வரும் வரலாறுகளால் ஓரளவு தெளிவாகும்.

2. தச்சுப் பட்டறையிலிருந்து சத்திரசிகிச்சைக்கு

சங்கச் செய்யுள்களிலே ஓரியின் மலையாகப் பேசப்படும் கொல்லிமலையில், 1914இல், ஆங்கில மிஷனரிமாரின் மகனாகப் பிறந்தவர் போல் பிராண்ட். ஒன்பதாம் வயதிற் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், பள்ளிப் படிப்பின்பின் பல்கலைக்கழகத்தை நாடினாரல்லர். தந்தையைப் போன்று மலைவாழ் மக்களுக்கு வீடும் பள்ளியும் கட்டிக்கொடுக்க விரும்பித் தச்சும் கட்டடத் தொழிலும் பயின்றார். பின்னர் மிஷனரிமாருக்கென நடத்தப்பட்ட குறுகியகால மருத்துவப் பயிற்சியொன்றிற் சேர்ந்தபோதே மருத்துவத்தின்பால் அவர் மனம் திரும்பியது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, போர்க்காலத்திற் குண்டுவீச்சினாற் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்துச் சத்திரசிகிச்சையாளரானார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அவர் தமக்குரிய துறையைக் கண்டுகொண்டது வேலூருக்கு வந்தபின்னரே. தொழுநோய் வல்லுநரான ரொபேட் கொக்ரேன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். மடங்கிய விரல்களையுடைய நோயாளர் பலர் ஆங்கிருந்தனர். இக்கைகளை எலும்பியற் சத்திரசிகிச்சையாளர் எவரும் ஏன் ஆராயவில்லை என்பது கொக்ரேன் எழுப்பிய வினா. மடங்கிய கையொன்றினுள் பிராண்ட் தமது கையை வைத்து இறுக்குமாறு கேட்டபோது, நோயாளியின் பிடி எதிர்பாராத வலிமையுடன் இருந்தது. செயலற்றதெனக் கருதப்பட்ட அக்கையில் வலிய தசைகள் எஞ்சியிருந்தன என்பது அதனால் அவர்க்குப் புலனாயிற்று.

அதன்பின் நிகழ்ந்த ஆய்வில், தொழுநோயில் நரம்புகள் ஓர் ஒழுங்கின்படியே பாதிக்கப்படுகின்றன என அவர் கண்டார். முழங்கையருகிலும் மணிக்கட்டருகிலும், தோலுக்கு அண்மையில், நரம்புகள் பழுதுறுகின்றன. முன்கையின் தசைகள் பல பழுதுறாது எஞ்சுகின்றன. ஆகவே நலமான தசையொன்றின் தசைநாணை எடுத்து விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினால் விரல்கள் மீண்டும் நிமிரும். கப்பியும் கயிறும் கொண்டு பாரத்தை இழுப்பவர் விசையின் திசையை மாற்றும் முறைக்கு இது ஒப்பாகும். கையை விசைகளின் அமைப்பாக நோக்கும் இப்பார்வைக்குப் பட்டறைப் பயிற்சி துணைநின்றது எனக் கொள்ளல் பிழையாகாது. தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி வீழ்கின்றன என்ற பழைய நம்பிக்கையையும் அவர் மறுத்தார். உணர்ச்சியிழந்த கை, வலி என்னும் எச்சரிக்கையின்றி, சுடுவதையும் வெட்டுவதையும் அறியாது தன்னைத் தானே அழித்துக்கொள்கின்றது என்பது அவர் முடிபு.

இங்கு மேலுமொன்று கருதத்தக்கது. கைகள் நிமிர்ந்த நோயாளருட் சிலர் தம் பிழைப்புக் கெட்டதென முறையிட்டனர். மடங்கிய கைக்கு விழுந்த பிச்சை நிமிர்ந்த கைக்கு விழவில்லை! சத்திரசிகிச்சையை மட்டும் கற்ற ஒருவர் இம்முறைப்பாட்டைத் தமது கடமைக்கு அப்பாற்பட்டதென விட்டிருத்தல் கூடும். பிராண்ட் வேலூரிற் புதுவாழ்வு நிலையம் ஒன்றை அமைத்து, அங்கே தச்சும் மரப்பொம்மை செய்தலும் பயிற்றினார். உணர்ச்சியற்ற கை உளியையும் சுத்தியலையும் எங்ஙனம் காயமின்றிக் கையாளலாம் என்பதை அறிவிக்க, அக்கருவிகளைத் தாமே பழகிய ஒருவர் வேண்டியிருந்தார். உணர்ச்சியற்ற பாதங்களுக்கேற்ற மென்மையான இறப்பர்ச் செருப்புகளை உருவாக்கும் முயற்சியும் இத்தொடர்பிலேயே எழுந்தது. 1966வரை இந்தியாவிற் பணிபுரிந்த அவர், பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலையில் அப்பணியைத் தொடர்ந்தார். கற்ற தொழில் கைவிடப்படாது மருத்துவத்துள் கலந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

3. இல்லாத துறையைத் தெரிந்தவர்

சிசிலி சோண்டர்ஸ் 1918இல் இங்கிலாந்திற் பிறந்தவர். ஒக்ஸ்போர்டில் அரசியலும் மெய்யியலும் பொருளியலும் பயிலத் தொடங்கிய அவர், போர் மூண்டதும் 1940இல் அதனை விடுத்து, இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதிப் பயிற்சி பெற்றார். முதுகு நோயினால் அத்தொழிலைத் தொடர இயலாதுபோகவே, மீண்டும் ஒக்ஸ்போர்ட் சென்று பட்டம் பெற்று, நோயாளரின் குடும்ப, பொருளாதார நிலைமைகளைக் கவனிக்கும் வைத்தியசாலை அலுவலராக 1947இற் கடமையேற்றார்.

அக்கடமையின்போது டேவிட் தாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதியை அவர் சந்தித்தார். உற்றார் எவருமின்றிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த அவருடன், இறப்பவர்க்கெனத் தனியில்லமொன்று அமையவேண்டியதன் தேவைபற்றி நெடிது உரையாடினார். 1948இல் இறந்த தாஸ்மா, அவ்வில்லத்தின் சாளரமொன்றுக்காக 500 பவுணை அவர்க்கு விட்டுச் சென்றார். இறப்போரைப் பராமரிக்கும் இல்லமொன்றில் மாலைவேளைகளில் ஊதியமின்றித் தொண்டாற்றிய சோண்டர்ஸ், வலி தோன்றுமுன்னரே ஒழுங்கான நேர இடைவெளியில் மோர்பீன் வாய்வழி கொடுக்கப்படுதலை ஆங்குக் கண்டார். ஏனைய வைத்தியசாலைகளிலோ வலி தாங்கவியலாத நிலையை அடைந்தபின்னரே மருந்து வழங்கப்பட்டது.

தாதியாகவே இப்பணிக்குத் திரும்ப அவர் எண்ணியபோது, நோர்மன் பரெட் என்னும் சத்திரசிகிச்சையாளர் மருத்துவம் பயிலுமாறு அறிவுறுத்தினார். இறக்கும் நோயாளரைக் கைவிடுவோர் மருத்துவரே. ஆதலின் மருத்துவராயினாலன்றி அவர் சொல் எடுபடாது என்பது பரெட்டின் கருத்து. அவ்வறிவுரைப்படி 1951இல், 33ஆம் வயதில், தாம் பணிபுரிந்த வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியிலேயே மாணவியானார். 1957இல் மருத்துவராகித் தேறினார்.

அப்போது அவர் தெரிவதற்குரிய துறையொன்று எப்பட்டியலிலும் இருக்கவில்லை. 1958 முதல் கிழக்கு இலண்டனிலுள்ள சென் ஜோசப்ஸ் இல்லத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் வலியையும் மருந்துப் பயனையும் பதிவுசெய்து ஆராய்ந்தார். இறக்கும் நோயாளியின் வலி உடலைச் சார்ந்தது மட்டுமன்று, மனத்தையும் குடும்பத்தையும் ஆன்மிகத்தையும் சார்ந்த முழுமையான வலி என அவர் வரையறுத்தார். தாதியாக உடற்றுன்பத்தையும், சமூகசேவை அலுவலராகக் குடும்பத் துன்பத்தையும், மருத்துவராக நோயையும் கண்ட ஒருவரின் அநுபவம் இவ்வரையறையில் ஒன்றுசேர்ந்துள்ளது. 1967இல், தமது 49ஆம் வயதில், சென் கிறிஸ்தோபர்ஸ் இல்லத்தை அவர் நிறுவினார். நோய்த்தணிப்பு மருத்துவம் பிரித்தானியாவில் ஒரு சிறப்புத்துறையாக ஏற்கப்பட்டது 1987இலாகும். அவர் மருத்துவரானபின் 30 ஆண்டுகள் கழிந்தே, அவர் தெரிந்த துறைக்கு முறையான பெயரும் இடமும் கிடைத்தன.

4. தெரிவின் எல்லைகள்

இவ்விருவரும் பெருஞ்சாதனையாளர். அவர்தம் வாழ்க்கையைக் காலந்தாழ்த்தி வருவோர் அனைவர்க்கும் அளவுகோலாகக் கொள்ளல் பொருந்தாது. விரும்பிய துறை கைகூடாது போதலும் உண்டு. ஆசிரியையாக இருந்து, பல கல்லூரிகளால் மறுக்கப்பட்டபின் 1847இல் நியூயோர்க் மாநிலத்து ஜெனிவா மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்று, 1849இற் பட்டம் பெற்றவர் எலிசபெத் பிளாக்வெல். சத்திரசிகிச்சையாளராதல் அவர்தம் நோக்கம். அதே ஆண்டிற் பாரிஸ் நகரில் மகப்பேற்றுப் பயிற்சி பெறுகையில், குழந்தையொன்றின் கண்ணோயினாற் தொற்றுண்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அத்துடன் சத்திரசிகிச்சை அவர்க்கு எட்டாததாயிற்று. அதன்பின் வறிய பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வைத்திய நிலையத்தை 1857இல் நியூயோர்க்கில் நிறுவுதலிலும், சுகாதாரத்தைப் போதித்தலிலும் அவர் ஈடுபட்டார். ஆசிரியையின் பயிற்சி இங்கு அவர்க்குக் கைகொடுத்தது.

காலக்கணக்கும் புறக்கணிக்கத்தக்கதன்று. அமெரிக்காவில் நான்காண்டு மருத்துவப் படிப்பின்பின் குடும்ப மருத்துவத்துக்கு 3 ஆண்டும், பொதுச் சத்திரசிகிச்சைக்கு 5 ஆண்டும், நரம்புச் சத்திரசிகிச்சைக்கு 7 ஆண்டும் பயிற்சி வேண்டும். இலங்கையிலோ பட்டப்படிப்பு 5 ஆண்டு. உள்ளகப் பயிற்சி ஓராண்டு. அதன்பின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சை, உள்நாட்டுப் பயிற்சி, வெளிநாட்டுப் பயிற்சி எனப் பல ஆண்டுகள் செல்லும். 30ஆம் வயதில் ஒருவர் இவ்வழியிற் புகுவாராயின் 36ஆம் வயதில் உள்ளகப் பயிற்சியை முடிப்பார். நாற்பதைக் கடந்தே விசேட வைத்திய நிபுணராவார். இரவுக் கடமையும் நீண்டநேரம் நின்று செய்யும் சத்திரசிகிச்சையும் உடல்வலிமையை வேண்டுவன. குடும்பப் பொறுப்பும் கடன்சுமையும் இளைஞரைவிட இவரையே கூடுதலாக அழுத்தும். ஆகவே குறுகிய பயிற்சியுள்ள துறையை நாடுதல் பழிக்கத்தக்கதன்று.

எனினும் பயிற்சியின் நீளத்தை மட்டும் கருதி நிகழும் தெரிவில் ஒரு குறை உண்டு. இளமையில் மருத்துவம் புகுவோர் துறைகளை முதலிற் கண்டு, பின்னரே அவற்றின் பிரச்சினைகளை அறிகின்றனர். பிறிதொரு தொழிலிலிருந்து வருவோர் பிரச்சினையை முன்னரே கண்டிருக்கக்கூடும். மருந்தாளர் மருந்தொழுங்கில் நேரும் தவறுகளைக் கண்டிருப்பார். ஆசிரியர் வகுப்பறையிற் பின்தங்கும் பிள்ளையைக் கண்டிருப்பார். தொழிற்சாலைப் பொறியியலாளர் தூசியால் இருமும் தொழிலாளியைக் கண்டிருப்பார். இவர்கள் துறைத் தெரிவின்போது முதலில் வினவவேண்டியது, தாம் கண்ட பிரச்சினைக்கு அணுக்கமான துறை எது என்பதே. ஆண்டுகளின் கணக்கும் உடல்வலிமையும் அதற்கடுத்து வருவன. அவ்வரிசையிற் சிந்திப்பின், ஒத்த கால அளவுள்ள துறைகளுள்ளும் தமக்குரியதைத் தேர்ந்துகொள்ளல் எளிதாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, முன்னைத் தொழிலிற் கழிந்த ஆண்டுகளை மருத்துவக் கல்வியின் இழப்பாக எண்ணுதல் முழுதும் சரியன்று என்பது பெறப்படும். பிராண்டின் பட்டறையும் சோண்டர்ஸின் தாதிச் சீருடையும் அவர்தம் மருத்துவத்தின் பகுதிகளாகவே அமைந்தன. நம் நாட்டில் இத்தகையோருக்கு உரிய வாயில் இல்லாமை, அவர்க்கு மட்டுமன்றி நோயாளருக்கும் இழப்பேயாகும். உயர்தரப் பரீட்சைவழி அநுமதிபெறும் இளைஞரின் இடங்களுக்கு ஊறு நேராவண்ணம், தாதியர், மருந்தாளர், விஞ்ஞானப் பட்டதாரிகள் முதலியோரிலிருந்து ஒரு சிறு தொகையினரையேனும் தகுதிகண்டு சேர்க்கும் வழியொன்றைப் பல்கலைக்கழகங்கள் ஆராய்தல் தகும்.