நக்கிள்ஸ் பார்க்க எந்த ஊரில் தங்குவது?

மலைநாட்டு விடுமுறை – 6

நக்கிள்ஸ் மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் அறை எடுப்பது கண்டி நகரத்தில்தான். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எங்கே பஸ் ஏறினாலும் கண்டியில் இறங்கலாம். 1867இலேயே ரயிலும் வந்துவிட்ட ஊர். தலதா மாளிகை, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த வாவி, பேராதனைப் பூங்கா என்று இரண்டு நாள் போவதே தெரியாது.

ஆனால் கண்டி நிற்பது ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில். நக்கிள்ஸ் தொடரின் உச்சியான கொம்பனிய 1,906 மீட்டர். காலைச் சாப்பாட்டை முடித்து, நகரத்து நெரிசலைத் தாண்டி, வளைவுகள் ஏறிப் போய்ச் சேரும்போது முகில் மூடியிருக்கும். பிறகு பார்ப்பதற்கு வெள்ளைப் புகைதான்.

சுவிஸில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கிரின்டல்வால்டில் தங்கினால் பல்சக்கர ரயிலும் கேபிள் காரும் மேலே கொண்டுபோய் விட்டு, மாலையில் இறக்கியும் விடும். நக்கிள்ஸில் அந்த வசதி கிடையாது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஓட்டோ, அதற்கு மேல் கால்நடை. எனவே தங்கும் ஊர் பிழைத்தால் விடுமுறையில் பாதி ரோட்டிலேயே கழியும்.

இந்த மலைக்குள் போக முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கண்டி–மஹியங்கனை வீதி. திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பினால் லூல்வத்த, டீன்ஸ்டன், கோர்பட்ஸ் கேப், கடைசியில் மீமுரே. வன இலாகாவின் நக்கிள்ஸ் நிலையம் டீன்ஸ்டனில் இருக்கிறது. அங்கே டிக்கெட் எடுத்து, வழிகாட்டியோடு காலையிலேயே நடையைத் தொடங்கலாம். இரண்டாவது வழி மாத்தளை, இரத்தோட்டை ஊடாக ரிவஸ்டன். பிட்டவல பத்தனைப் புல்வெளி இந்தப் பக்கம். கண்டியில் தங்கி ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று வான்காரர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடையில் மலைத்தொடரே குறுக்கே கிடக்கிறது, சுற்றித்தான் வரவேண்டும்.

மீமுரேயிலேயே தங்கலாமே என்பீர்கள். லக்கேகல மலை எதிரே நிற்க, வயலும் ஆறுமாக அழகான ஊர்தான். ஆனால் கோர்பட்ஸ் கேப்பிலிருந்து இறங்கும் பாதை ஒடுங்கியது. எதிரே ஒரு வாகனம் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆகவேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது, போன் சிக்னலும் அப்படித்தான். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் யோசியுங்கள். மீமுரேயில் சிங்களம்தான் பேச்சு. ரங்கல, மடுல்கல தோட்டப்புறங்களில் தங்கினால் தமிழிலேயே வழி கேட்கலாம், தேத்தண்ணிக் கடையில் நின்று கதைக்கலாம்.

அடுத்தது மழை. இந்தத் தொடர் இரண்டு பருவக் காற்றுகளுக்கும் குறுக்கே நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் மேற்குச் சரிவை நனைக்கும். அப்போது மீமுரேப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். ரிவஸ்டனில் அந்த மாதங்களில் தொப்பி தலையில் நிற்காத காற்று. டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவம் கிழக்குச் சரிவில் கொட்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒத்துவரும் காலம் பெப்ரவரி, மார்ச். ஈரம் இருக்கும் வரை அட்டையும் இருக்கும். காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, ஈரச் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல் உப்பு வையுங்கள், தானே விழும்.

காட்சி அழகாக இருக்கிறதென்று செங்குத்துச் சரிவின் விளிம்பில் கட்டிய விடுதியை எடுக்குமுன் மண்சரிவை நினையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மிக மோசமாகத் தாக்கிய மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் நாள் காலையில் அதைப் பார்த்துவிடுங்கள்.

முடிவாக என் சிபாரிசு இது. முதியோரோடு போகிறவர்கள் திகனவில் தங்கலாம். விக்டோரியா நீர்த்தேக்கமும் அருகில், கண்டி ஆஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில். நடக்கப் போகிறவர்கள் ஹுன்னஸ்கிரிய, லூல்வத்தப் பக்கம் இரண்டு இரவு தங்குங்கள். ரிவஸ்டன் மட்டும் போதுமென்றால் இரத்தோட்டை. கண்டியைக் கடைசி நாளுக்கு வையுங்கள். பெரஹரா காலத்திலும் நீண்ட வார இறுதியிலும் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: ஹந்தானை)