பதறாத காரியம் சிதறாது

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் பலர் வங்கிகளிலும் வர்த்தகக் காரியாலயங்களிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். தாராவியிலோ சொந்தமாகப் பட்டறை நடத்துவோர் பலர். கணிப்பொறியும் கைப்பேசியும் இன்று இவர்கள் அனைவருக்கும் அன்றாடக் கருவிகள். ஆகவே, அவற்றின் வழியே நடைபெறும் களவைப் பற்றி அறிந்திருத்தல் நம் கடமையாகும். அக்களவின் சூட்சுமம் இயந்திரத்தில் பாதிதான். மறுபாதி, பலர் கூடிப் பணிபுரியும் இடத்தில் அவர்கள் எவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்பதில் அடங்கியுள்ளது.

நம் மும்பையிலேயே தலைமையகம் கொண்ட யூனியன் பாங்க் ஆஃப் இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடந்ததைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றிய ஒரு மின்னஞ்சலின் இணைப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். மேலிடத்துக் கடிதம் என்றால் யார்தான் தாமதிப்பார்? அதன் வழியே புகுந்த கள்வர், நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் மூலம் சுமார் 17 கோடி டாலரை வெளிநாடுகளுக்குத் திருப்பிவிட்டனர். ஆயினும், அயல்நாட்டுக் கணக்கை ஒத்துப்பார்த்தவர்கள் வேறுபாட்டைக் கண்டுகொண்டு உடனே தகவல் அனுப்பியதால், பணம் முழுவதும் மீட்கப்பட்டது.

அதே ஆண்டு பிப்ரவரியில் டாக்காவிலுள்ள வங்காளதேச மைய வங்கிக்கு இந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. அங்கே ஸ்விஃப்ட் செய்திகளை அச்சிடும் பொறி நின்றுபோயிற்று. ‘வழக்கமான கோளாறுதானே’ என்று ஊழியர் எண்ணினர். வார விடுமுறையும் குறுக்கிட்டது. அச்சுப்பொறியைச் செயலிழக்கச் செய்தவர்களே கள்வர்கள் என்பது பின்னரே புலப்பட்டது. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர் மட்டும் தப்பியது; பெறுவோர் பெயரிலிருந்த எழுத்துப்பிழையைக் கண்டு இடைநிலை வங்கியில் ஐயம் எழுந்ததே அதற்குக் காரணம்.

ஈராண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியிலும் இதே தந்திரம் அரங்கேறியது. அங்கும் அச்சுப்பொறி ஊமையாக்கப்பட்டது. அங்கும் முதலில் அது சாதாரணக் கோளாறாகவே கருதப்பட்டது. ஆனால், மறுநாள் காலையில் கணக்கை ஒத்துப்பார்த்தபோது, தாங்கள் அனுப்பாத மூன்று பணவிடைகள், சுமார் 20 லட்சம் டாலர் அளவுக்கு, வெளியே சென்றிருப்பது தெரிந்தது. அவற்றுள் 5 லட்சம் டாலருக்கான ஒன்று உடனே தடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகள் உணர்த்துவது யாது? கள்வன் தாக்கும் முதற்பொருள் பணமன்று, நம் ஐயமே. அபாயத்தைச் சிறு கோளாறுபோலவும், பொய்யை மேலிடத்து ஆணைபோலவும் அவன் தோன்றச் செய்கிறான். பலர் உள்ள இடத்தில் ‘வேறொருவர் கவனித்துக்கொள்வார்’ என்ற எண்ணம் எல்லோருக்கும் எழுவதும் அவனுக்கு அனுகூலம். தவறுதலாக ஒன்றைத் திறந்துவிட்டவர், வசவுக்கு அஞ்சி வாய்மூடியிருந்தாலோ, அவனுக்கு மேலும் நேரம் கிடைக்கிறது. ஆதலின் காரியாலயத் தலைவர்கள், தவற்றை உடனே சொல்பவரைக் கடியாது, ‘நல்லவேளை சொன்னீர்’ என்று ஏற்கும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

குடும்பமும் ஒரு குழுவே. ‘மும்பைப் போலீஸ் பேசுகிறோம், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், யாரிடமும் சொல்லக் கூடாது’ என்று மிரட்டிப் பணம் பறிப்போர் இந்நாளில் மலிந்துள்ளனர். அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதே அவர்களின் உயிர்நாடி. வீட்டில் இன்னொருவர் காதில் விழுந்தால் பொய் நிலைக்காதன்றோ? பட்டறை நடத்துவோரும், சரக்கு அனுப்புபவர் வங்கிக் கணக்கை மாற்றியதாகக் கடிதம் வந்தால், முன்பே தம்மிடமுள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேட்காமல் பணம் செலுத்தலாகாது.

ஏமாந்துவிட்டாலும் கலங்க வேண்டா. 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் உடனே அறிவித்தால், பணம் கைமாறுமுன் நிறுத்த வழியுண்டு. இங்கே ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது. வெட்கத்தால் ஓரிரவு தாமதிப்பது கள்வனுக்கு உதவுவதாகும்.

எனவே அன்பர்களே, இன்றே இல்லத்தில் அனைவரும் அமர்ந்து ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: பணம் கேட்கும் அவசரச் செய்தி எது வந்தாலும், இன்னொருவரிடம் சொல்லாமல் எவரும் முடிவு செய்வதில்லை, சொன்னவரை எவரும் ஏளனம் செய்வதுமில்லை. முதியோர் தயங்காது பிள்ளைகளிடம் கேட்கவும், பிள்ளைகள் சலியாது விடை கூறவும் இவ்வுடன்பாடு வழிவகுக்கட்டும்.