நாயின் புழுவுக்கு ஆட்டுக்குட்டியில் தடுப்பூசி

ஆடு அடிக்கும்போது ஈரலில் நீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகள் இருந்தால், அந்தத் துண்டை வெட்டி நாய்க்கு எறிந்துவிடுவது பல நாடுகளில் வழக்கம். நீர்க்கட்டி நோய் தொடர்ந்து பரவுவதற்கு இவ்வழக்கமே முக்கிய காரணம்.

இந்நோயை உண்டாக்குவது அரைச் சென்ரிமீற்றர் நீளமான ஒரு நாடாப்புழு. இது நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தாலும் நாய் சுகமாகவே காணப்படும். புழுவின் முட்டைகள் மலத்துடன் வெளியேறிப் புல்லிலும் தண்ணீரிலும் கலக்கின்றன. நாயின் உரோமத்திலும் ஒட்டியிருக்கும். மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் சென்ற முட்டை, ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாகிறது. நாயுடன் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் உண்ணும் பிள்ளைக்கும் இதே கதி நேரலாம். கட்டி மெதுவாக வளர்வதால் பல வருடங்கள் வெளியே தெரியாது. தெரியவரும்போது சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

ஏன் ஆட்டுக்குட்டிக்கு?

நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தால் புழு இறந்துவிடும். ஆனால் அது மறுபடியும் கட்டியுள்ள ஈரலைத் தின்றால், ஏறத்தாழ ஏழு வாரங்களில் மீண்டும் முட்டைகளை வெளியேற்றத் தொடங்கும். ஆட்டில் கட்டியே உண்டாகாவிட்டால் நாய்க்குப் புழு ஏது?

அவுஸ்திரேலியாவின் மார்ஷல் லைற்றவ்லர்ஸ், நியூசிலாந்தின் டேவிட் ஹீத் ஆகிய ஆராய்ச்சியாளர்களும் அவர்களது குழுவினரும் இவ்வழியில் முயன்றனர். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் ஒரு புரதத்தைப் பற்றீரியாவின் உதவியுடன் தயாரித்துச் செம்மறிகளுக்கு ஏற்றினர். ஊசி பெற்ற ஆட்டின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள், குடலைத் துளைத்து வரும் இளம்புழுவைக் கட்டியாகுமுன் கொன்றுவிடுகிறது. 1996இல் வெளியான பரிசோதனை முடிவுகளில் பாதுகாப்பு 100க்கு 95க்கு மேல் இருந்தது. இத்தடுப்பூசியின் பெயர் ஈஜி95.

வயலில் கண்டது

ஆர்ஜென்ரீனாவின் ரியோ நீக்ரோ மாகாணத்தில் மப்பூச்சே மக்கள் வாழ்கின்றனர். 19ஆம் நூற்றாண்டில் படையெடுப்பால் தம் நிலங்களிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வழிவந்த இவர்கள், வறண்ட மேய்ச்சல் நிலங்களில் சிறு மந்தைகளை வளர்க்கிறார்கள். 2009 முதல் இவர்களது குட்டிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஒரு மாத வயதில் முதலாவது, இரண்டாம் மாதத்தில் அடுத்தது, ஒரு வயதளவில் மூன்றாவது. சில வருடங்களில் ஆடுகளில் நோய் குறைந்தது. ஆயினும் முற்றாக ஒழியவில்லை. ஊசி பழைய கட்டியைக் கரைக்காது. வீடுகள் தூரத்தூர இருப்பதால் எல்லாக் குட்டிகளுக்கும் மூன்று ஊசியும் உரிய காலத்தில் கிடைப்பதுமில்லை.

ஊசி இல்லாத இடத்தில்

நியூசிலாந்தில் 1959இல் இதற்கெனச் சட்டம் வந்தது. நாய்களுக்கு ஒழுங்காக மருந்து கொடுத்து, பச்சை ஈரலையும் குடலையும் அவற்றுக்குக் கொடுப்பதை நிறுத்தியே, 2002இல் நோய் நீங்கிய நாடாக அறிவிக்கும் நிலையை அடைந்தார்கள்.

ஆடும் நாயும் வளர்க்கும் எவரும் இவற்றைச் செய்யலாம்:

- கட்டியுள்ள உறுப்புகளை எரியுங்கள். அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.
- கால்நடை வைத்தியரிடம் கேட்டு நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுங்கள்.
- நாயைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.
- பச்சையாக உண்ணும் இலை, காய்களை நன்றாகக் கழுவுங்கள்.