ஷிஃப்ட் முடிந்து வந்து பான்சர் வரைகிறார்!

ஒரகடமோ வல்லமோ இருங்காட்டுக்கோட்டையோ, எந்தப் பக்கம் போனாலும் சரி, பவுடர் கோட்டிங் ஷெட் ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். சூப்பர்வைசர் மேசையில் ஒரு ஷேட் கார்டு கிடக்கும். இங்கே நிறத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான். கரண்ட் பேனல் பெட்டிக்கு 7035, இரும்பு கேட்டுக்கு 9005. அதே கார்டில் 7021ஐத் தேடிப் பிடியுங்கள். கறுப்பா, நீலமா என்று கண்ணைத் தடுமாற வைக்கும் அடர் சாம்பல். 1941இல் சோவியத் எல்லையைத் தாண்டிய ஜெர்மன் டாங்கிகளின் உடம்பில் இருந்தது சாட்சாத் இந்தச் சாம்பல்தான்!

இதை எனக்குக் காட்டியவர் குன்றத்தூர் நண்பர் ஒருவர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் கவச வண்டிகளை, அதாவது பான்சர்களை, வரைகிறார். பெயர் போட வேண்டாம் என்றார். போடவில்லை. மாடியறைக் கதவைத் திறந்துவிட்டாரே, அது போதும்!

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு கம்ப்ரஸர். பக்கத்தில் ஏர் பிரஷ், மாஸ்கிங் டேப், பழைய பல் தேய்க்கும் பிரஷ்கள், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு. சுவரில் சாய்த்து வைத்த பலகையில் பாதி முடிந்த ஒரு பாலைவனம். அதன் நடுவில், புழுதிக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு வருகிறது ஒரு பான்சர் 3.

“அண்ணா, தள்ளி நின்னு பாக்காதீங்க. கிட்ட வாங்க” என்றார். மூக்கு பலகையில் முட்டுகிற அளவுக்குப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, டாங்கியின் மஞ்சள் பூச்சுக்கு அடியில் சாம்பல் இருக்கிறது! ஓரங்களில், ஆட்கள் ஏறி இறங்கும் இடங்களில், மஞ்சள் தேய்ந்து அடியில் உள்ள 7021 எட்டிப் பார்க்கிறது. முதலில் முழு வண்டியையும் சாம்பலாக வரைந்திருக்கிறார். காய்ந்த பிறகு மஞ்சளை ஊதியிருக்கிறார். பிறகு ஈர ஸ்பாஞ்சால் அங்கங்கே தேய்த்து எடுத்திருக்கிறார். நிஜத்தில் நடந்ததும் அதுவே. 1941 பிப்ரவரியில் திரிப்போலி துறைமுகத்தில் ஜெர்மன் படை இறங்கத் தொடங்கியபோது வண்டிகள் ஐரோப்பாவுக்கான சாம்பல் நிறத்தில்தான் வந்தன. மார்ச் மாதம் பாலைவன நிறம் பூசச் சொல்லி உத்தரவு வந்தது. பழுப்பு மஞ்சளான 8000, அதன்மேல் திட்டுத்திட்டாக 7008. ஒரு வருஷம் கழித்து 8020, 7027 என்று மாற்றினார்கள். 1943 பிப்ரவரியில் எல்லாப் போர்முனைக்கும் அடிநிறம் அடர் மஞ்சள், 7028. இவரிடம் இதைக் கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார். 8000, 7008 இரண்டும் இன்றைய கார்டிலும் இருக்கின்றன. 7028ஐக் காணோம். அதைக் கையால்தான் கலக்க வேண்டும். பழுப்பு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, துளிப் பச்சை எவ்வளவு என்று ஒரு டப்பா மூடியில் கலந்து காட்டினார். வேலைக்கும் வரைவதற்கும் ஒரே நம்பர்! 1927இல் 40 நிறங்களோடு ஜெர்மனியில் தொடங்கிய அட்டை அது.

சரி, இது எந்தச் சண்டை? இங்கேதான் எனக்குப் புல்லரித்தது.

தெய்ர் எல் ஷெய்ன். எகிப்தில், அலமெயினுக்குத் தெற்கே, ருவெய்சாத் மேட்டின் மேற்கு முனையை ஒட்டிய ஒரு பள்ளம். 1942 ஜூலை 1. எதிரே ஜெர்மன் தளபதி ரோம்மலின் டாங்கிகள். பள்ளத்துக்குள் இருந்தது 18ஆம் இந்தியக் காலாட்படை பிரிகேடு! ஈராக்கிலிருந்து அவசர அவசரமாக இழுத்து வரப்பட்டவர்கள். சீக்கியர்கள், கூர்க்காக்கள், கூடவே எஸெக்ஸ் படைப்பிரிவு. தரை வெறும் பாறை. பதுங்குகுழி தோண்டக் கடப்பாரை இறங்கவில்லை. கைக்குப் புதிதாக வந்த 6 பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் 16, 25 பவுண்டர்கள் 23, மேட்டில்டா டாங்கிகள் 9. புழுதிப் புயல். அன்று மாலைக்குள் பள்ளம் விழுந்துவிட்டது, பிரிகேடு நொறுங்கிவிட்டது. ஆனால் காலையில் 55 டாங்கிகளோடு வந்த ரோம்மலிடம் முடிவில் மிஞ்சியது 37தான். அந்த ஒரு நாள் தாமதம் பிரிட்டிஷ் தரப்பின் அலமெயின் தற்காப்புக் கோட்டுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது.

நான் பார்த்த பான்சர் ஓவியங்களில் பெரும்பாலானவை டாங்கிக்குப் பக்கத்திலேயே நின்று வரையப்பட்டவை. கமாண்டர் மார்புவரை வெளியே தெரிவார், தொண்டையில் மைக், கண்ணில் பைனாகுலர். பார்க்கிற நாமும் அவரோடு சேர்ந்து முன்னேறுவோம். இந்தப் பலகையில் அப்படி இல்லை! பார்ப்பவரின் கண் தரையோடு தரையாக, கற்களை அடுக்கிய ஒரு குட்டிச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. வலது ஓரத்தில் 6 பவுண்டரின் கேடயம், அதன் பின்னால் மண்டியிட்ட இருவரின் முதுகு, ஒரு தலைப்பாகை. டாங்கி நம்மை நோக்கி வருகிறது. அந்த அழகான இயந்திரம் ஒரே நொடியில் பயங்கரமாகிவிடுகிறது. ஜெர்மன் கவச வண்டியை ஒரு தமிழன் வரைவதென்றால் நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் சத்தமாகவே சொல்வேன்.

ஏனென்றால் இந்தக் கலைக்கு ஒரு இருட்டான பக்கம் உண்டு. ஹிட்லரின் ராணுவமே ஓவியர்களைச் சம்பளம் போட்டு வைத்திருந்தது. 1942இல் லுயிட்போல்ட் ஆடம் என்பவர் தலைமையில் தனிப் பிரிவே அமைத்துப் போர்முனைகளுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்ததும் கோர்டன் கில்கி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி ஜெர்மனி முழுக்கத் தேடி 8,000க்கும் மேற்பட்ட படைப்புகளைக் கைப்பற்றினார். அவற்றில் பெரும்பகுதி 1986இல் ஜெர்மனிக்குத் திரும்பிப் போனது, மீதியை அமெரிக்கா இன்னும் வைத்திருக்கிறது. திறமையான கைகள்தாம், சந்தேகமே இல்லை. எந்த ஆட்சிக்காக வரைந்தன என்பதை மறந்துவிட்டு அந்தக் கோணங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ரோம்மலின் ஆப்பிரிக்கப் படையின் சின்னம் ஒரு பனைமரமும் ஸ்வஸ்திகாவும். “அதை அழகா ஷார்ப்பா போட மாட்டேன்ணா. இருந்தது இருந்த மாதிரி, புழுதிக்கு அடியில” என்றார். டூத் பிரஷை நனைத்துக் கட்டை விரலால் ஒரு சுண்டு! சின்னத்தின் மேல் மணல் தெறித்தது.

அந்தப் புழுதி எத்தனை அடுக்கு தெரியுமா? தூரத்துப் புழுதிக்கு ஏர் பிரஷ், கிட்டத்துப் புழுதிக்கு ஸ்பாஞ்சு ஒற்று, செயின் கிளப்பும் கட்டிப் புழுதிக்கு விரல் நுனி. புழுதி எப்போதும் வண்டியின் பின்னாலிருந்துதான் எழும்பும், காற்று எந்தத் திசையோ அந்தப் பக்கம் சாயும். படத்தில் எல்லாப் புழுதியும் ஒரே பக்கம் சாய வேண்டும். வெடித்த இடத்துப் புகையும் அதே பக்கம். இல்லாவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே ஏதோ உறுத்தும்.

இன்னொரு ரகசியம் ஸ்ப்ராக்கெட். நம் ஊர்க்காரர்களுக்கு டாங்கி என்றால் ஆவடி. குன்றத்தூரிலிருந்து அவுட்டர் ரிங் ரோடு பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான். விஜயந்தாவோ அர்ஜுனோ, செயினை இழுக்கும் பல்சக்கரம் பின்னால் இருக்கும். ஜெர்மன் பான்சர்களுக்கு அது முன்னால்! ஆவடி வண்டிகளைப் பார்த்துப் பழகிய கை பின்னால்தான் போடப் பார்க்கும். பான்சர் 3 என்றால் பக்கத்துக்கு 6 பெரிய சக்கரம், மேலே 3 உருளை. பான்சர் 4 என்றால் 8 சின்னச் சக்கரம், மேலே 4 உருளை. இதை எண்ணிப் பார்த்தே எந்த ஓவியர் உண்மையாக உழைத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். (அர்ஜுனின் வயிற்றுக்குள் இருக்கும் 1,400 குதிரைசக்தி எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யூ. தயாரிப்பு. அதைச் சொன்னால் நண்பர் முகத்தில் தனி வெளிச்சம்.)

மாதிரிக்கு எங்கே போவது? நிஜ ஜெர்மன் கவச கார் ஒன்றைப் பார்க்க அகில்யாநகர் (பழைய அகமதுநகர்) வரை போகலாம், 1994இல் திறந்த டாங்கி அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. மற்றபடி ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் புண்ணியம் கட்டிக்கொண்டது. 2008 டிசம்பரில் 80,000க்கும் மேற்பட்ட பழைய புகைப்படங்களை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விக்கிமீடியாவில் திறந்துவிட்டார்கள். கோபுரத்தில் தொங்கும் தண்ணீர் கேனில் வெள்ளைச் சிலுவை, பெட்ரோல் கேனில் அது இல்லை. முன் முகப்பில் கூடுதல் காப்புக்காக மாட்டிய உதிரிச் செயின் துண்டுகள். கயிற்றில் காயும் சட்டை. இதெல்லாம் அந்தப் படங்களிலிருந்து பொறுக்கியவை.

ஆசை எங்கே தொடங்கியது என்று கேட்டேன். அலமாரி மேலிருந்து இறங்கியது ஒரு மாடல் கிட் டப்பா! உள்ளே பிளாஸ்டிக் பாகங்களை இன்னும் ஒட்டவே இல்லை. மூடிப் படத்துக்காகவே வாங்கி வைத்திருக்கிறார். ஜப்பானின் டமியா கம்பெனி தன் முதல் டாங்கி மாடலாகப் பாந்தர் வண்டியைக் கொண்டுவந்தபோது டப்பா ஓவியம் ஷிகெரு கொமாட்சுசாகியுடையது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் பிடிக்கிற அளவுக்கு வண்டியைச் செய்தார்கள், அந்த அளவு 35இல் ஒரு பங்காக அமைந்தது. இன்று உலகம் முழுக்க டாங்கி மாடல்களுக்கு அதுவே பிரதான அளவு. பின்னால் வந்த டப்பாக்களில் வெள்ளைப் பின்னணி, நடுவில் வண்டி மட்டும். எனக்கு என்னவோ அனலும் புகையுமாக இருந்த பழைய டப்பாக்கள்தான் பிடிக்கும்.

பாலைவனத்தில் டாங்கி ஓவியர்களையே மிஞ்சிய ஒரு வேலையும் நடந்தது! 1941இல் ஆள் பலம் காட்ட ரோம்மல் மரச்சட்டமும் துணியும் வைத்துப் பொய் டாங்கிகள் செய்யச் சொன்னார். உள்ளே இருந்தது வோக்ஸ்வாகன் கார். மேலேயிருந்து படம் பிடிக்கும் பிரிட்டிஷ் விமானங்களுக்கு அது ஒரு டாங்கிப் படை! குன்றத்தூருக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கத்தில் சினிமா செட் போடும் ஆசாரிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரு வாரத்தில் ஒரு ரெஜிமென்டையே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்த படம் என்ன என்று கேட்டதும் ஒரு பென்சில் கோட்டோவியத்தை எடுத்து நீட்டினார். அதில் டாங்கியே கிடையாது. ஒரு சாலை, சில சப்பர்கள் (ராணுவப் பொறியியல் வீரர்கள்), மைன் டிடெக்டர். சுபேதார் சுப்பிரமணியன்! மெட்ராஸ் சப்பர்ஸ். கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர், அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் பக்கம். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ அருகே, வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து தன்னோடிருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் வீரப் பதக்கம் கொடுத்தார்கள். தினமும் கம்பெனி பஸ்கள் ஓடும் இந்த வட்டாரத்தில் பிறந்த மனிதர்! ஜெர்மன் டாங்கிகளுக்கு எத்தனை ஆயிரம் ஓவியங்கள் உண்டோ, இவருக்கு வண்ணத்தில் ஒரு நல்ல படமாவது வந்தாக வேண்டும். அதை வரைய இவரைவிடப் பொருத்தமான கை எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு முன்னால் தெய்ர் எல் ஷெய்ன் முடிய வேண்டும். 9 மேட்டில்டாக்களில் 2 இடது பக்கம் வரப்போகின்றன, இன்னும் பென்சில் கோடுதான் விழுந்திருக்கிறது. பிரிட்டிஷ் வண்டி என்பதால் ஸ்ப்ராக்கெட் பின்னால்! ஞாயிறு மதியம் நிறம் ஏற்றப்போகிறார், பிரஷ் கழுவும் வேலையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்.