தட்டம்மையும் ஒரு தடுப்பூசிக் கணக்கும்

வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்பதை நம் உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். பிறகு யாரும் உள்ளே போவதில்லை. நோயுற்றவரைத் தனியே வைக்கும் இவ்வழக்கம் நல்லதே. ஆனால் மணல்வாரி என்றும் சொல்லப்படும் தட்டம்மை, வேப்பிலைக்கு முந்திக்கொள்ளும் நோய். முகத்தில் சிவந்த தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே, வெறும் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு என்றிருக்கும்போதே, அது பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. நோயாளி அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் உடனிருந்தால் ஒன்பது பேரைப் பிடித்துவிடும்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆயினும், "ஊசி போட்ட பிள்ளைக்கும் வந்துவிட்டதே, பிறகு எதற்கு ஊசி?" என்று பெரியவர்கள் கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு தெருவில் 100 குழந்தைகள். 90 பேர் ஒரு தவணை ஊசி போட்டவர்கள். 10 பேர் போடாதவர்கள். ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை, நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கே பலன் தரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குழந்தைகளின் உடலில் மிச்சமிருந்து மருந்தை வேலை செய்ய விடாமல் தடுப்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே அந்த 90 பேரில் 13 பேருக்குக் காவல் இல்லை. நோய் தெருவுக்குள் வந்தால் அவர்களில் 12 பேர் படுப்பார்கள். ஊசி போடாத 10 பேரில் 9 பேர் படுப்பார்கள். நோயுற்ற 21 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் ஊசி போட்டவர்கள்! ஊசி வீண் என்று ஊர் பேச இது போதாதா? ஆனால் 90 பேரில் 12 எங்கே, 10 பேரில் 9 எங்கே? படுத்தவர்களை மட்டும் எண்ணி, படுக்காத 78 பேரை எண்ணாமல் விட்டதால் வந்த மயக்கம் இது.

இரண்டாம் தவணையும் போட்டால் நூற்றுக்கு 97 பேர் காக்கப்படுவர். நம் நாட்டுத் திட்டத்தில் தட்டம்மை ஊசி 1985இல் சேர்ந்தது. இரண்டாம் தவணை 2010இல்தான் வந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசியை, முன்பு போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாருக்கும் தமிழகத்தில் போட்டார்கள். "முன்பே போட்டாயிற்றே, மறுபடி ஏன்?" என்று பலர் தயங்கினர், கைப்பேசியில் வதந்திகள் பறந்தன, முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க நேர்ந்தது. யாருக்கு முதல் ஊசி பலிக்கவில்லை என்பது முகத்தில் எழுதியிருக்குமா? அதனால்தான் எல்லாருக்கும் போட்டார்கள்.

2022இல் மும்பையின் கோவண்டி போன்ற நெரிசலான பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தனர். நோயுற்றோரில் பலர் ஊசியே போடாதவர்கள், அல்லது தவணையை முடிக்காதவர்கள்.

ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைக்கு, சுற்றியிருப்பவர்கள்தான் வேலி. நூற்றுக்கு 95 பேராவது இரு தவணையும் முடித்திருந்தால்தான் அந்த வேலி நிற்கும் என்கிறார்கள். கல்வராயன் மலையிலிருந்தோ நம் கிராமங்களிலிருந்தோ குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு, 16 முதல் 24 மாதத்துக்குள் வரும் இரண்டாம் தவணைதான் எளிதில் தவறிப்போகும். ஆகவே தாய் சேய் நல அட்டையையும் திருமுழுக்குச் சான்றிதழைப் போல் பத்திரமாகக் கையோடு கொண்டு போகவேண்டும். நம் வீட்டுத் தம்பி தங்கையரின் அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், ஐந்து வயது வரை அரசுத் திட்டத்திலேயே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி நாள்.