கார்பன் மிகுந்த வெண்குள்ள நட்சத்திரங்கள்

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி ஏறத்தாழப் பூமியின் பருமனை அடையும்போது அதற்கு வெண்குள்ளன் என்று பெயர். அதன் ஆகர்ஷண சக்தி மிகக் கடுமையானது. ஆகவே கனமான மூலகங்கள் ஆழத்தில் அமிழ, ஹைட்ரஜனும் ஹீலியமுமே பொதுவாக மேற்பரப்பில் எஞ்சும். அங்கே கார்பன் தோன்றுவதற்கு இடமில்லை. எனினும் சில வெண்குள்ளர்களில் அது தோன்றுகிறது.

அதைக் காட்டிக் கொடுப்பது நிறமாலையே. குளிர்ந்த வகையில், கார்பன் அணுக்கள் இரண்டிரண்டாய் இணைந்து அகன்ற இருண்ட பட்டைகளை உண்டாக்குகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் சுடர்களை ஆராய்ந்த வில்லியம் ஸ்வானின் பெயரால் இவை வழங்குகின்றன. நம் வீட்டுக் காஸ் அடுப்பின் நீலச் சுடரிலும் இப்பட்டைகள் ஒளிர்வதைக் காணலாம். சுமார் 11 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள புரோசியானின் துணை நட்சத்திரம் இவ்வகையினது. இதில் புதிர் பெரிதன்று: சூடு ஏறக்குறைய 10,000 டிகிரிக்குக் கீழே தணிந்ததும், ஹீலியம் உறையின் வெப்பச் சலனம் ஆழத்திலிருந்து சிறிதளவு கார்பனை இறைத்து மேலே கொணர்கிறது.

2007-இல் பாட்ரிக் டூஃபூர், ஜேம்ஸ் லீபர்ட் முதலியோர் அறிவித்த நட்சத்திரங்கள் இவ்விளக்கத்துக்கு அடங்கவில்லை. ஸ்லோன் வான அளவீட்டில் அகப்பட்ட அவற்றின் சூடு ஏறத்தாழ 20,000 டிகிரி. பட்டைகளுக்குப் பதில் மின்னூட்டம் பெற்ற கார்பன் அணுக்களின் கோடுகளே தென்பட்டன. வாயுமண்டலமே பெரும்பாலும் கார்பன்!

வெண்குள்ளன் நாளடைவில் ஆறிவரும் பொருளாதலால், அதன் சூடே அதன் வயதைக் காட்டும் கடிகாரமாகும். அக்கணக்கின்படி இவை இளையவை. ஆனால் இவற்றின் வேகமோ முதிய நட்சத்திரங்களின் வேகத்தை ஒத்திருப்பதாக டன்லப், கிளெமென்ஸ் என்போர் 2015-இல் எடுத்துக்காட்டினர். இரு வெண்குள்ளர்கள் மோதி ஒன்றாயின என்று கொண்டால் முரண்பாடு நீங்குகிறது. மோதலின் வெப்பம் கடிகாரத்தை மறுபடி தொடக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. எடையும் இதற்குச் சான்று. சாதாரண வெண்குள்ளனின் நிறை சூரியனில் 0.6 பங்கு, இவற்றுள் பலவற்றின் நிறையோ சூரியனுக்கு நிகரானது.

2020-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் விவரித்த நட்சத்திரம் சுமார் 150 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. கையா செயற்கைக்கோள் தந்த தூரத்தைக் கொண்டு அதன் நிறை சூரியனைப்போல் 1.14 மடங்கு எனக் கணித்தனர். அதன் வாயுமண்டலத்தில் ஹைட்ரஜனும் கார்பனும் கலந்திருப்பது அரிதினும் அரிது. சுப்பிரமணியன் சந்திரசேகர் வகுத்த 1.4 மடங்கு என்னும் எல்லையை இது எட்டவில்லை. எட்டியிருப்பின் சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறியிருக்கக்கூடும். ஆராய்வதற்கு நட்சத்திரமே மிஞ்சியிராது.